காரின் திரை உறைந்துபோனால் என்ன செய்வது? திருகோணமலை வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாட்டு, தொலைபேசி அழைப்பு, வழிகாட்டும் வரைபடம், றிவேர்ஸ் கமரா, சில வாகனங்களில் குளிரூட்டி என்று எல்லாவற்றையும் தனக்குள் அடக்கிய செட் ஒருநாள் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோகும் செட்டுகளில் பல உண்மையில் பழுதானவையல்ல. குறைந்த மின்னழுத்தம், அளவு மீறிய வெப்பம், தளர்ந்த இணைப்பு, பிழையான கோப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதைத் தடுத்து வைத்திருக்கும். ஆகவே புதிய செட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர், இங்கே சொல்லப்படுபவற்றை ஆற அமரப் பார்த்துவிடுங்கள்.

திரை அப்படியே உறைந்துவிட்டது. எங்கே தொட்டாலும் அசைவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓடிக்கொண்டிருக்கும்போது நேர்ந்தால், திரையைத் தட்டிக்கொண்டிராமல் வாகனத்தை ஓரங்கட்டுங்கள். பிறகு மூன்று விடயங்களைக் கவனியுங்கள்: சத்தம் வருகிறதா, ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களுக்குச் செட் கட்டுப்படுகிறதா, றிவேர்ஸ் கியர் போட்டால் கமராப் படம் தெரிகிறதா. இவை மூன்றும் சரியாக இருந்தால் செட்டின் கணினி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, தொடுதிரை மட்டுமே கட்டுப்படவில்லை என்று பொருள். மூன்றும் இல்லையென்றால், மென்பொருள் முழுதாக உறைந்திருக்க வேண்டும் அல்லது செட்டுக்கு மின்சாரமே வராதிருக்க வேண்டும். கடையில் போய்ச் சொல்லும்போதும் இந்த மூன்று பதில்களே பெரிதும் உதவும்.

அடுத்ததாக, பவர் பொத்தானை அல்லது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை 10 முதல் 20 செக்கன் வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பல செட்டுகளில் திரை அணைந்து, நிறுவனத்தின் சின்னத்துடன் மறுபடி தொடங்கும். வாகனத்தோடு வராமல் பின்னாளில் பொருத்தப்பட்ட ஆண்ட்ராய்ட் செட்டுகளில் முகப்பின் ஓரத்தில் 'ஆர்எஸ்டி' (RST) என்ற எழுத்துகளுக்கருகே ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். மெல்லிய கம்பி நுனியால் அதை மெதுவாக அழுத்தினால் போதும். அதற்குப் பக்கத்திலேயே ஒலிவாங்கிக்கான துளையும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அவசரத்தில் அதற்குள் கம்பியை விட்டால், செட்டும் சரியாகாது, அழைப்பில் உங்கள் குரலும் மறுமுனைக்குப் போகாமல் போகலாம்.

திறப்பைத் திருப்பி அணைத்துவிட்டு உடனே போட்டேன், ஆனாலும் மாற்றமில்லையே?

செட்டுக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் வருகிறது. ஒன்று, வாகனம் அணைந்திருந்தாலும் பற்றரியிலிருந்து எப்போதும் வருவது. மற்றது, திறப்பைத் திருப்பியதும் வருவது. திறப்பை அணைக்கும்போது இரண்டாவது மட்டுமே நிற்கிறது. செட் தன் நினைவை அப்படியே வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. சிக்கிக்கொண்ட மென்பொருளும் அந்த நினைவோடு சேர்ந்தே கிடக்கிறது. எனவே வாகனத்தை அணைத்து, கதவைத் திறந்து மூடி, பூட்டிவிட்டு, 15 அல்லது 20 நிமிடம் அப்படியே விடுங்கள். வாகனத்தின் மற்ற இலத்திரனியல் அலகுகளும் முழுத் தூக்கத்துக்குப் போன பிறகு தொடங்கினால், பல செட்டுகள் புதிதாக எழும்.

பற்றரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

கடைசி வழியாக மட்டுமே செய்யலாம். அதுவும் வாகனம் ஜப்பானிலிருந்து ரீகண்டிசனாக வந்ததென்றால் மிகவும் யோசித்தே செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள ஒரேயொரு விடயத்தைத்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

அக்குவா, பிரியஸ், அக்சியோ, விட்ஸ் போன்ற டொயோட்டா வாகனங்களோடு வரும் ஜப்பானிய வரைபடச் செட்டுகள் பலவற்றில் திருட்டைத் தடுக்கும் பூட்டு உண்டு. எப்போதும் வரும் மின்சாரம் ஒருமுறை அறுந்ததும், செட் தான் வேறொரு வாகனத்துக்குக் கொண்டுபோகப்பட்டதாகக் கருதிக்கொள்கிறது. மறுபடி மின்சாரம் வந்தவுடன், தனக்குரிய வரைபட எஸ்டி அட்டையையோ ஒரு திறவுக் குறியீட்டையோ ஜப்பானிய மொழியில் கேட்டு நிற்கிறது. அந்த அட்டை கப்பலேறுவதற்கு முன்னரே தொலைந்திருக்கலாம். அல்லது முன்னைய உரிமையாளர் அதை அழித்துப் பாட்டு ஏற்றியிருக்கலாம். அதுவரை உறைந்தாலும் இடைக்கிடை பாடிக்கொண்டிருந்த செட், இப்போது ஒரே ஒரு ஜப்பானிய வாசகத்தோடு முற்றாக அடைபட்டுவிடுகிறது. குறியீட்டை ஊகித்து அடித்துப் பார்ப்பதும் வேண்டாம். பிழையான முயற்சிகள் கூடக் கூட, சில செட்டுகள் பூட்டை இன்னும் இறுக்கிக்கொள்ளும். செட்டின் தொடர் இலக்கத்தைக் கொண்டு சரியான குறியீட்டைப் பெற்றுத்தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செலவும் அலைச்சலும் தவிர்த்திருக்கக்கூடியவை.

பழைய பற்றரியை மாற்றும்போதும் இதே ஆபத்து இருக்கிறது. வரைபட அட்டை செட்டுக்குள் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். இன்னொரு 12 வோல்ற் மூலத்தை இணையாகக் கொடுத்து, செட்டின் நினைவு போகாமலே பற்றரியை மாற்றித்தரும்படி ஒட்டோ எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். அப்படிச் செய்யும்போது கழற்றிய பொசிட்டிவ் வயரிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், அதன் முனையைத் துணியால் சுற்றி வைக்க வேண்டும். அது வாகனத்தின் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

வேறு வழியில்லாமல் கழற்றியே ஆக வேண்டுமென்றால், வாகனத்தை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றுங்கள். காற்றுப்பைக்குரிய மின்சாரம் வடிவதற்கு டொயோட்டா 90 செக்கன் சொல்கிறது. அதற்குள் டெஷ்போட்டில் கைவைக்க வேண்டாம். அக்குவாவில் 12 வோல்ற் பற்றரி பின் இருக்கையின் அடியிலும், பல பிரியஸ்களில் பின்புறச் சாமான் பகுதியிலும் இருக்கும். ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்குரியவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது. மாட்டிய பிறகு கண்ணாடிகள் ஒரே தொடுகையில் ஏறாமல் போவதுண்டு. கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சைச் சில செக்கன்கள் அப்படியே பிடித்திருந்தால் அது திரும்ப வந்துவிடும்.

காலையில் நன்றாக வேலை செய்கிறது, மத்தியானம் உறைகிறது, பின்னேரம் தானாகவே சரியாகிறது. இது என்ன நோய்?

இது வெயில். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில், நிழலில்லாத இடத்தில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் டெஷ்போட் மேற்பரப்பு 70 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிதல்ல. கோட்டைக்குள் வாகனத்தை விட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போய்வருபவர்களும், உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையோரம் மத்தியானம் முழுவதும் நிறுத்தி வைப்பவர்களும் இதை நன்றாக அறிவார்கள். சாதாரணத் திரவப்படிகத் திரைகள் பல 70 பாகை வரைக்குமே உத்தரவாதத்தோடு வேலை செய்யும்படி ஆக்கப்பட்டவை. அந்த எல்லையை நெருங்கும்போது செட் தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும், வேகத்தைக் குறைக்கும், இறுதியில் அணைந்தும் போகும். எனவே அந்த நேரத்தில் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவதில் பயனில்லை.

கதவுகளைத் திறந்து உள்ளே நிற்கும் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு குளிரூட்டியைப் போட்டு ஓடத் தொடங்கி, உள்ளே குளிர்ந்த பின்னர் செட்டைப் போடுங்கள். திரைக்கு ஈரத்துணி வைத்துக் குளிரவைக்க முயல வேண்டாம். ஓரங்களால் நீர் உள்ளே இறங்கும். முன்கண்ணாடிக்குள் வைக்கும் வெயில் மறைப்பு மிகவும் மலிவானது. ஆனால் தொடுதிரைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. ஒரு பருவத்தில் பட்ட சூடு அந்தப் பருவத்தோடு போய்விடுவதில்லை. தொடு கண்ணாடியையும் படத்தட்டையும் ஒட்டும் பசை வெப்பத்தில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து, ஓரங்களில் கொப்புளம் போலக் கிளம்பும். அதன் பிறகு எந்த மறுதொடக்கமும் உதவாது.

பின்னர் பொருத்திய செட்டாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். செட்டின் முதுகில் வெப்பம் வெளியேறுவதற்கென்று தகடும் துளைகளும் இருக்கும். மிச்ச வயர்களைச் சுருட்டி, ரேப் சுற்றி, அந்தத் துளைகளுக்கு நேரே திணித்துவிட்டு முகப்பை மூடியிருப்பதைத் திறந்து பார்த்தால் காணலாம். அந்தச் சுருளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினாலே, மத்தியான உறைவு நின்றுபோவதுண்டு.

ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் செட் அணைந்து திரும்பத் தொடங்குகிறது. சிலவேளை ஓடும்போதும் அணைகிறது. செட்டை மாற்ற வேண்டுமா?

முதலில் பற்றரியைப் பாருங்கள். மல்ரிமீற்றர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், கதவைத் திறந்து விளக்குகள் எரிவதற்கு முன்னர், பற்றரியின் இரு முனைகளிலும் அளந்தால் 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி வடிந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் பற்றரியோ அதை ஏற்றும் அமைப்போ கவனிப்பை வேண்டுகிறது. ஸ்டார்டர் சுழலும் கணத்தில் 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹைபிரிட் வாகனத்தில் எஞ்சினைச் சுழற்றும் வேலை இந்தச் சின்னப் பற்றரிக்கு இல்லை. அதனால் அது ஓரளவு தளர்ந்தாலும் வாகனம் கிளம்பிவிடுகிறது, திரையே முதலில் தடுமாறிக் காட்டுகிறது. 'கார் நன்றாக ஓடுகிறது, ஆகவே பற்றரி நன்றாக இருக்கிறது' என்ற முடிவு ஹைபிரிட்டுக்குப் பொருந்தாது.

பற்றரி நல்லதென்றால் முனைகளைப் பாருங்கள். கடற்காற்று உப்பைச் சுமந்து வரும் ஊரில் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பது வழக்கம். முனைகளைக் கழற்றினால் செட் பூட்டிக்கொள்ளக்கூடும் என்று மேலே சொன்னதை நினைவில் கொண்டு, அதற்குரிய ஏற்பாட்டோடு கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இறுக்கி, மேலே மெல்லியதாக வஸலின் பூசுங்கள்.

அதற்கடுத்தது எர்த். செட்டின் கறுப்பு வயர் வாகன உடலில் திருகாணியால் பிணைக்கப்பட்ட இடத்தில் துரு ஏறினால், செட் அரைகுறை மின்சாரத்தில் திக்கித் திணறும். செட்டைப் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு, பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் செட்டின் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதிதாக இறுக்க வேண்டும். சிறிய வேலை இது. இதைச் செய்யாமல் செட்டை மாற்றினால் புதிய செட்டும் அதே இடத்தில் அதே மாதிரித்தான் நிற்கும்.

பியூஸை நானே பார்க்கலாமா?

பார்க்கலாம். டெஷ்போட்டின் அடியில் ஒரு பெட்டியும் பொனட்டின் உள்ளே ஒரு பெட்டியும் இருக்கும். மூடியின் உட்புறத்தில் எது எதற்குரியது என்று அச்சிடப்பட்டிருக்கும். பின்னர் பொருத்திய செட்டுகளின் முதுகிலும் தனியாக ஒரு பியூஸ் உண்டு. அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாக அதே அம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். 10 அம்பியர் இருந்த இடத்தில் 20 அம்பியரைப் போட்டால், அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். மாற்றிய பியூஸ் உடனே மறுபடி எரிந்தால் எங்கோ வயர் உரசுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது பியூஸைப் போடாதீர்கள். எப்போதும் மின்சாரம் தரும் பியூஸைப் பிடுங்குவது பற்றரியைக் கழற்றுவதற்குச் சமம். மேலே சொன்ன பூட்டு அப்போதும் விழும்.

திரை கறுப்பாக இருக்கிறது. ஆனால் பாட்டு மட்டும் கேட்கிறது?

இருட்டான இடத்தில் திரைமேல் கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் பின்னொளி போய்விட்டது. அதைத் தனியாகத் திருத்த முடியும். அதற்கு முன்னர், வெளிச்சம் கடைசி அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறதா, 'திரையை அணை' என்ற தெரிவு அழுத்தப்பட்டிருக்கிறதா, பகலில் முன்விளக்கு எரிவதால் செட் இரவு நிலைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாரும் தொடாமலே திரை தானாக அழுத்திக்கொள்கிறது. ஏன்?

பழைய செட்டுகள் பலவற்றில் அழுத்தத்தை உணரும் திரை இருக்கும். நகத்தால் அழுத்தினாலும் வேலை செய்யும். புதியவற்றில் விரலின் மின்னேற்றத்தை உணரும் திரை இருக்கும். நகத்துக்கு அது அசையாது. முதல் வகையில், திரையைச் சுற்றியுள்ள சட்டம் இறுகி ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் ஒரு விரல் எப்போதும் இருப்பதாகச் செட் நினைக்கும். அமைப்புகளுக்குள் அளவுதிருத்தம் என்ற தெரிவு இருந்தால் அதைச் செய்து பார்க்கலாம். இரண்டாவது வகையில் ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, கொப்புளம் விழுந்த பாதுகாப்புத் தாள் ஆகியவை காரணமாகும். மார்கழி மழையில் நனைந்த கையோடு தொட்டால் திரை குழம்புவதும் இதனாலேயே. தாளை உரித்து, உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தொடு கண்ணாடியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முழுச் செட்டையும் விட அது பல மடங்கு குறைவு.

தொலைபேசியை அல்லது பென் டிரைவை இணைத்ததும் உறைகிறது. இது எதனால்?

இணைத்ததைக் கழற்றிவிட்டு மறுதொடக்கம் செய்து, ஒருநாள் ஓடிப் பாருங்கள். உறையவில்லை என்றால் குற்றவாளி வெளியேதான் இருக்கிறது. மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் மலிவான கேபிள், தூசி அடைத்த துவாரம், பல தொலைபேசிகள் சேர்ந்து நிரம்பிய புளூடூத் பட்டியல் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பட்டியலைச் செட்டிலும் தொலைபேசியிலும் ஒருசேர அழித்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் குழப்பம் தீராது.

ஒரு கோப்பு முழுச் செட்டையும் நிறுத்திவிடுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஒரு வானொலி நிலையம் நிகழ்ச்சியோடு அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில் வகையைக் காட்டும் இறுதிப் பகுதி விடுபட்டிருந்தது. அந்த அலைவரிசையைக் கேட்ட 2014 முதல் 2017 வரையான மஸ்டா கார்களின் செட்டுகள் அந்தக் கோப்புகளைப் புரிந்துகொள்ள முடியாமல் முடிவின்றி மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்தன. உங்கள் பென் டிரைவில் பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பாட்டோ கெட்டுப்போன அட்டைப்படமோ இருந்தாலும் அதேபோல நடக்கலாம். பென் டிரைவை ஃபாட்32 (FAT32) என்ற கோப்பு முறையில் புதிதாக வடிவமைத்து, பாட்டுகளைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள்.

ஆண்ட்ராய்ட் செட் சின்னத்தோடு நின்றுவிட்டது. மென்பொருளை மறுபடி ஏற்றலாமா?

முதலில் எஸ்டி அட்டை, பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கும் எழாவிட்டால் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதே அடுத்த படி, சேமித்தவை அழியும். மென்பொருளை மறுபடி ஏற்றுவதில் மட்டும் துணிய வேண்டாம். வெளியில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு செட்டுகளின் உள்ளே வேறு வேறு சில்லுகள் இருக்கும். பொருந்தாத மென்பொருளை ஏற்றினால் செட் திரும்ப எழாது. ஏற்றும்போது வாகனம் எஞ்சின் ஓடும் நிலையில், ஹைபிரிட் என்றால் 'ரெடி' நிலையில் இருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் தளர்ந்தாலும் அதே கதிதான்.

ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மந்தமாகி வந்த செட்டாக இருந்தால், உள்ளேயுள்ள நினைவகமே தேய்ந்திருக்கலாம். அத்தகைய சில்லுகளுக்கு எழுதி அழிக்கும் தடவைகளில் ஓர் எல்லை உண்டு. டெஸ்லா நிறுவனம் 2021இல் சுமார் 135,000 கார்களை இதே காரணத்துக்காகத் திருப்பி அழைத்தது; அவற்றின் 8 ஜிபி நினைவகம் தேய்ந்ததும் திரையோடு சேர்ந்து றிவேர்ஸ் கமராவும் போய்விட்டது.

கடிகாரம் இருபது ஆண்டு பின்னுக்குப் போய்விட்டது. பற்றரிப் பழுதா?

பெரும்பாலும் இல்லை. செய்மதியிலிருந்து வரும் ஜிபிஎஸ் நேரக்கணக்கு வாரங்களை 1,024 வரை எண்ணி மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். ஏறத்தாழ 20 ஆண்டுகள். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 அன்று. செட்டின் மென்பொருள் அதைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் பழைய திகதி காட்டும். 2022 ஜனவரியில் பழைய ஹோண்டா கார்கள் பலவற்றின் கடிகாரம் 2002க்குத் திரும்பியதும் இந்த வகைக் கோளாறே. தானியங்கி நேரத்தை நிறுத்திக் கையால் திருத்த முடிந்தால் திருத்திக்கொள்ளுங்கள். செட்டின் மற்ற வேலைகளை இது பாதிக்காது.

செட் நன்றாகவே இருக்கிறது. வானொலி மட்டும் ஒன்றையும் பிடிக்கவில்லை?

ஜப்பானிய செட்டுகளின் பண்பலை 76இல் தொடங்கி, பழையவற்றில் 90இலும் புதியவற்றில் 95 மெகாஹேர்ட்ஸிலும் முடிந்துவிடும். நமது நிலையங்கள் 108 வரை பரந்திருக்கின்றன. அதனால் அன்டெனா வயரில் ஒரு சின்ன மாற்றிப் பெட்டி பொருத்துவார்கள். அந்தப் பெட்டிக்குப் போகும் மின்சாரம் கழன்றிருக்கும். அதை மட்டும் பாருங்கள்.

செட் வேலை செய்யாத நிலையில் வாகனத்தை ஓட்டலாமா?

பாட்டும் வரைபடமும் மட்டுமே என்றால் ஓட்டலாம். கண்ணாடியின் பனியை நீக்கும் கட்டுப்பாடு திரைக்குள் இருக்கும் வாகனமென்றால், மழைக்காலத்தில் கந்தளாய், ஹபறணை வழியாக இரவில் நெடும்பயணம் புறப்படுவதற்கு முன்னர் திருத்திவிடுங்கள். காட்டோரம் யானை வீதிக்கு வரும் அந்தப் பாதையில், முன்கண்ணாடி மங்கிய நிலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. றிவேர்ஸ் கமராவுக்குப் பழகிப்போனவர்கள், அது இல்லாத நாட்களில் இறங்கிப் பின்னால் பார்த்துவிட்டே வாகனத்தை எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வளவுகளில் இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

கடையில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

எப்போது உறைகிறது, எவ்வளவு நேரம், அப்போது சத்தம் இருந்ததா என்பதைச் சொல்லுங்கள். உறைந்த நிலையில் ஒரு காணொளி எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. பற்றரியையும் எர்த்தையும் அளந்த பிறகே செட்டைக் கழற்றும்படி கேளுங்கள். கழற்றிய பழைய செட்டையும் வரைபட அட்டையையும் திருப்பி வாங்கி வையுங்கள். வாகனத்தை விற்கும்போது வாங்குபவர் கேட்கக்கூடும். புதிய செட் பொருத்துவதாக முடிவானால், வாகனத்தின் வயர்களை வெட்டி முறுக்கி ரேப் சுற்றுவதற்கு இணங்காதீர்கள். அந்தந்த வாகனத்துக்கென்றே செருகி இணைக்கும் வயர்த் தொகுதிகள் விற்கின்றன. முறுக்கிய இணைப்பு ஒரு மாரி முடிவதற்குள் உப்பேறிக் கறுத்துவிடும்; செருகிய இணைப்பைக் கழற்றிவிட்டு, தேவைப்படும் நாளில் பழைய செட்டையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.